தண்டவாளத்தில் ஒரு தேசிக்காய்

1

போன கிழமை ஊரிலிருந்து தங்கை ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். நான் வேலை செய்யும் இடத்தின் படம் ஒன்று எப்படியோ அவளுடைய போனுக்குப் போயிருக்கிறது. மரமெல்லாம் மஞ்சள் விளக்கு, கீழே வெள்ளைப் பனி, பனிக்கு மேலே சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன ரயில். "அண்ணா, நீங்கள் குடுத்து வச்சனீங்கள். நாள் முழுக்க விளையாட்டுத்தானே" என்று சொல்லிச் சிரித்தாள். பின்னால் அவளுடைய பிள்ளைகளும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை அவளிடம் காட்டவில்லை. நல்லா இருக்கிறன் என்று பதில் அனுப்பிவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லுகிற விசயத்தில் பிழை இல்லை.

ஒஸ்லோவை விட்டு வெளியே வந்து, ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியையும் தாண்டிப் போனால், காட்டோரமாக ஒரு விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. முன்பெல்லாம் இலை உதிர்ந்ததும் பூட்டிவிடுவார்கள். நாங்களும் வீட்டில் இருந்து வேலைவாய்ப்புக் கந்தோருக்கு அலைவோம். சில வருடங்களுக்கு முன்னர் மேலே இருக்கிற ஆருக்கோ ஒரு யோசனை வந்தது. மரங்களில் விளக்குக் கட்டி, சூடான கோக்கோவும் வாஃபிளும் விற்றால் குளிர்காலத்திலும் சனம் வரும். வந்தது. சனம் வந்தால் ராட்டினமும் ஓட வேண்டும்தானே. ராட்டினத்துக்குக் குளிருமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் ஓட்டுவது சிறுவர் மலைரயில், ரோலர் கோஸ்டர் என்பார்களே அது. கோடையில் அது ஒரு வேலையே இல்லை. பிள்ளைகளை ஏற்று, மடிக்கம்பியை இறக்கு, ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பார், பொத்தானை அமத்து. சங்கிலி வண்டியை மேட்டின் உச்சிக்கு இழுத்துக்கொண்டு போய் விடும். அதற்குப் பிறகு வண்டிக்கு எஞ்சின் கிடையாது. தன் பாரத்தில் தானே இறங்கி, அந்த வேகத்தில் அடுத்த மேடு ஏறி, வளைந்து, மறுபடி இறங்கி, நான் நிற்கிற மேடைக்கு வந்து சேரும்.

குளிர்காலத்தில் இதே வண்டிக்கு வேறு குணம். கிரீஸ் இறுகிவிடும். சில்லை, சக்கரத்தைத்தான் சொல்கிறேன், சுற்றியிருக்கிற மெத்தென்ற பூச்சு கல்லாகிவிடும். வண்டி அடுத்த மேட்டில் ஏறப் பஞ்சிப்படும். ஏறாவிட்டால் இரண்டு மேட்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் போய் நின்றுவிடும். அதனால்தான் காலையில் ஆட்களை ஏற்ற முதல், இருக்கைகளில் மண்மூட்டை கட்டி வெறுமனே ஓடவிடுவோம். ஓட ஓடச் சில்லு சூடேறும். ஒரு சுற்றுக்கு எடுத்த நேரம் திரையில் விழும். அது குறைந்து குறைந்து பச்சைக் கோட்டுக்குள் வந்த பிறகுதான் பிள்ளைகளை ஏற்றலாம். மைனஸ் பத்துக்குக் கீழே போனால் ஓட்டுவது நல்லதில்லை என்று வண்டியைச் செய்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் மேடையில் உறைந்த பனியைக் கொத்த வேண்டும். உப்புப் போடக்கூடாது, இரும்பைத் தின்றுவிடும். கையுறையைக் கழற்றிவிட்டு மறந்துபோய் ஒரு கம்பியைத் தொட்டால் தோல் அதோடு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் தலையணை மாதிரி உடுப்புப் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்த மொத்தத்துக்கு மேலே மடிக்கம்பி சரியாகத்தான் இறங்கியிருக்கிறதா, உள்ளே இருக்கிற சின்ன உடம்பு நழுவுமா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பேன். இதைத்தான் என் தங்கை விளையாட்டு என்கிறாள்.

2

ஆரணி என் ஒரே மகள். ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் ஒரு மாடிக்கட்டிடத்தில் வளர்ந்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சனி ஞாயிறில் என் பூங்காவில் வேலை. என் பூங்கா என்று சொல்லிவிட்டேன் பாருங்கள். நான்தான் அவளைக் கோடை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். கொஞ்ச நாளிலேயே அவளை எங்கள் பகுதிக்குப் பொறுப்பாளராக ஆக்கிவிட்டார்கள். நான் மேடையில், அவள் எனக்கு மேலே. பெருமைதான். ஊரில் எல்லோருக்கும் போன் எடுத்துச் சொன்னவனும் நான்தான்.

வீட்டில் அப்பா, வேலைக்குத் தந்த கைரேடியோவில் ரவி. வேலை நேரத்தில் எல்லோரும் என்னை ரவி என்று கூப்பிடுவதால் அவளும் அப்படித்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. "ரவி, மேடை தயாரா?" முதல் நாள் கேட்டபோது சிரிப்பு வந்தது. பிறகு ஒருநாள் வீட்டில் சோறு போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டேன், அறைக்குள் இருந்து "கொம்மெர், ரவி" என்று பதில் வந்தது. வாறன் என்கிறாளாம். வாய் தவறித்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டே ஓடியும் வந்தாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நான் பயந்தவன்தான். அதை மறைக்கவில்லை. அடுப்பை நிறுத்திவிட்டேனா என்று படியிறங்கிய பிறகு திரும்பி ஏறுகிறவன். அவள் ரயிலில் வந்தால் ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் ஒரு போன். சின்ன வயதில் அவளைப் பள்ளிக்கூடத்தோடு பனிச்சறுக்கலுக்கு விடவில்லை என்பதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். நான் எதைச் சொன்னாலும் "ஸ்லப் ஆவ், அப்பா" என்பாள். பதற்றப்படாதேங்கோ என்று அர்த்தம். தமிழில் சொன்னால் இவ்வளவு எரிச்சல் வராது.

எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் உண்மையாகவே பயப்பட வேண்டியதைச் சொல்லும்போது ஆர் கேட்பார்கள்? என் கோபத்தில் பாதி இதுதான். அந்தப் பாதி என்மேலேயே.

3

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் பருத்தித்துறை ரோட்டில் ஆள் ஏற்றி ஓடிய ஒரு வான் வண்டியில் கொண்டக்டராக நின்றவன். அந்த வானுக்குப் பிறேக் ஒழுங்காகப் பிடிக்காது. றைவர் போய்ச் சொன்னால் முதலாளி கண்ணூறுக்கு ஒரு தேசிக்காயும், எலுமிச்சைதான், நாலு செத்தல் மிளகாயும் முன்னால் கொழுவிவிடச் சொல்லுவார். மறுபடி சொன்னால் இன்னொரு தேசிக்காய். ஒருநாள் வல்லை வெளிக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் வான் நிற்காமல் புகையிலைத் தோட்டத்துக்குள் இறங்கியது. ஒரு அம்மாவுக்குக் கை முறிந்தது. முதலாளி வந்து பார்த்தார். தேசிக்காய் இருந்ததால்தான் உயிர் தப்பினதாம்.

ஆகவே தேசிக்காயால் என்ன ஏலாது என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அப்படியிருந்தும் இங்கே நான் தேசிக்காய் வைக்கிறவன். ஒவ்வொரு பருவமும் தொடங்குகிற நாள், தமிழ்க்கடையில் ஒன்று வாங்கி சட்டைப்பைக்குள் கொண்டுபோவேன். எல்லாவற்றையும் பார்த்து, இழுத்து, தட்டி முடித்த பிறகு, முன்சில்லுக்குக் கீழே தண்டவாளத்தில் வைப்பேன். மண்மூட்டையோடு ஓடுகிற முதல் ஓட்டத்தில் வண்டி அதை நசித்துக்கொண்டு போகும். அவ்வளவுதான். பிறேக்குக்குப் பதிலாக வைக்கிற தேசிக்காய் வேறு, பிறேக்கைப் பார்த்த பிறகு வைக்கிற தேசிக்காய் வேறு. என் கையால் செய்யக்கூடியது முடிந்த பிறகும் மிச்சம் ஒன்று இருக்கிறதே, நாலு வயதுப் பிள்ளைகள் ஏறுகிற வண்டியில், அதற்கு நான் என்ன செய்ய?

ஆரணிக்கு இது தெரியும். முதல் கோடையில் என் பக்கத்தில் நின்று பார்த்துச் சிரித்தவள். வண்டி நசித்ததும் "மணக்குது" என்றாள்.

4

கடந்த குளிர்காலப் பருவம் ஒரு சனிக்கிழமை தொடங்கியது. விடிய நானும் அவளும் என் காரில்தான் போனோம். வழியெல்லாம் மரங்கள் விறைத்துப்போய் நின்றன. என் மேடைக்குப் பின்னால், இரண்டு மேட்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் நானாக ஒரு வெப்பமானி கட்டி வைத்திருந்தேன். அது மைனஸ் பன்னிரண்டு. பூங்காவின் வெப்பமானி மைனஸ் ஒன்பது. ஏனென்றால் அது தொங்குவது வாஃபிள் கடையின் சுவரில், புகை வருகிற குழாய்க்குப் பக்கத்தில். அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் நானும் மைனஸ் ஒன்பதுதான்.

பனியைக் கொத்தினேன். கம்பிகளைப் பார்த்தேன். தேசிக்காயை வைத்தேன். மண்மூட்டையோடு ஓடவிட்டேன். சுற்று நேரம் குறைந்துகொண்டு வந்தது. ஆனால் பச்சைக்குள் வரவில்லை.

ஆரணி பனியில் சறுக்காமல் கைகளை விரித்துக்கொண்டு வந்தாள். ரேடியோவில் கூப்பிடாமல் நேரே வந்தபோதே எனக்கு விளங்கியது.

"அப்பா, கேற்றில சரியான சனம். ஸ்தைனார் திறக்கச் சொல்லுறார்."

ஸ்தைனார் எங்கள் எல்லோருக்கும் மேலதிகாரி. நல்ல மனிதர், எல்லோருடைய பிறந்தநாளும் நினைவில் வைத்திருப்பார்.

"நேரம் இன்னும் பச்சைக்கு வரேல்லை பிள்ளை. பள்ளத்துக்குள்ள மைனஸ் பன்னிரண்டு."

"எங்கட மானி ஒன்பது எண்டுதானே காட்டுது."

"அது வாஃபிள் கடைச் சுவரில கிடக்கு. அதுக்கென்ன குளிரோ?"

அவள் சிரிக்கவில்லை. கேற் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நான் சொன்னா என்ர அப்பாவே கேக்கமாட்டார் எண்டு இஞ்சை ஏற்கெனவே ஒரு கதை ஓடுது. ஒருக்கா எண்டாலும் எனக்குக் கரைச்சல் தராமல் திறவுங்கோ."

ஒருக்கா எண்டாலும். அந்தச் சொல் இல்லையென்றால் நான் திறந்திருக்க மாட்டேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மூட்டைகளை இறக்கினேன். பிள்ளைகளை ஏற்றினேன். ஒவ்வொரு கம்பியையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். பொத்தானை அமத்தினேன்.

வண்டி மேடு ஏறியது, இறங்கியது, மரங்களுக்குப் பின்னால் போனது. வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. திரையில் சிவப்பு. அடுத்த மேட்டில் முக்கால்வாசி ஏறிவிட்டுப் பின்பக்கமாக வழுக்கிப் பள்ளத்தில் போய் நின்றிருக்கிறது. மெதுவாகத்தான் நின்றது. ஒருவருக்கும் அடிபடவில்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன், நீங்களும் என்னை மாதிரி இருந்தால் இந்த இடத்தில் மூச்சு நின்றிருக்கும்.

நான் ஓடினேன். பக்கத்துப் படிகளில் முதல்நாள் கொட்டிய பனி கண்ணாடியாக இறுகியிருந்தது. பிள்ளைகள் பயப்படவே இல்லை, கிறிஸ்துமஸ் கால நத்தார்ப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் மாரெக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் திறக்க, நான் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். எங்களுக்கு அது லேசில் முடியவில்லை. கடைசியாக இறக்கிய சின்னப் பெண்ணின் ஒரு கையுறை எங்கேயோ விழுந்துவிட்டது. விரல் நுனிகள் வெள்ளையாகிவிட்டன. என் சட்டைக்குள் அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் சிவந்து, பிள்ளை அழத் தொடங்கியது. அழுதபிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

தாய் ஓடிவந்து பிள்ளையைப் பறித்தாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இங்கே பொறுப்பான ஆள் ஒருவரும் இல்லையா என்று கேட்டாள். என் முதுகில் பெரிய எழுத்தில் வண்டி இயக்குபவர் என்று எழுதியிருக்கிறது. நான் மெதுவாக, பக்கத்தில் வந்து நின்ற ஆரணியைக் காட்டினேன். அவள் அந்தத் தாயிடம் அழகான நொர்ஸ்க் மொழியில் மன்னிப்புக் கேட்டாள். அவ்வளவு அழகாக என்னிடம் ஒருநாளும் கதைத்தது கிடையாது.

5

மத்தியானம் மாரெக் வண்டியின் முன்சில்லைக் கழற்றிப் பார்த்தபோது, காப்புத் தகட்டுக்குள் என் தேசிக்காயின் தோல் ஒட்டிக் கல்லாக உறைந்து கிடந்தது. அவன் கெட்டவன் இல்லை. கையில் தூக்கிப் பிடித்து, "ரவி, கொக்டெயில் குடிச்சனியா?" என்று கேட்டுச் சிரித்தான். படமும் எடுத்து எல்லோரும் இருக்கிற குழுவில் போட்டுவிட்டான். பின்னேரத்துக்குள் ஸ்தைனாரிடமிருந்து எனக்குக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. பொருள்: தண்டவாளத்தில் அந்நியப் பொருள்.

அந்நிய என்ற அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த நாட்டுக்கு வந்து என் முடி நரைத்துவிட்டது.

திங்கட்கிழமை கூட்டத்துக்குப் போகிற வழியில் ஆரணிதான் கார் ஓட்டினாள். என் கையிலிருந்த கார்த் திறப்பை அவளே வாங்கிக்கொண்டாள். பெருஞ்சாலைக்கு ஏறிய பிறகு சொன்னாள்: "அப்பா, மன்னிப்புக் கேளுங்கோ. தேசிக்காய் வச்சது பிழை, இனி வைக்கமாட்டன் எண்டு மட்டும் சொல்லுங்கோ. ஒரு எச்சரிக்கை தந்திட்டு விட்டிடுவினம். ஸ்தைனார் எனக்குச் சொன்னவர்."

"அப்ப மைனஸ் பன்னிரண்டு?"

"அதை ஏன் இப்ப இழுக்கிறியள்?"

"வாற சனிக்கிழமையும் குளிரும் பிள்ளை. தேசிக்காயால நிண்டது எண்டு எழுதி மூடினா, தேசிக்காய் இல்லாத வண்டியை மைனஸ் பதினைஞ்சிலயும் ஓட்டலாம் எண்டு நினைப்பினம். அண்டைக்கு வண்டி வழுக்கி நிண்டது. இன்னொரு நாள் என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாது."

அவள் பெருஞ்சாலையை விட்டு இறங்கும் வளைவில் காரைத் திருப்பினாள். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, "திறக்கச் சொன்னது நான் அப்பா. அது உங்களுக்குத் தெரியும்தானே" என்றாள்.

தெரியும். அதனால்தான் இரண்டு இரவாக நித்திரை இல்லை. வாயைத் திறந்தால் மகள். மூடினால் ஆரோ பெற்ற பிள்ளைகள். இப்படி ஒரு இடத்தில் ஒரு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கூட்ட மேசையில் மெழுகுதிரியும் இஞ்சி பிஸ்கற்றும் வைத்திருந்தார்கள். நத்தார் காலமாம்.

எனக்காகப் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருந்தார்கள். ஆளைத் தெரியாது, குரல் மட்டும் மேசையின் நடுவிலிருந்து வந்தது. "தாங்கள் எலுமிச்சம்பழத்தை வைத்தது மதச் சடங்கின் பொருட்டா?" என்று மேடைப் பேச்சு மாதிரிக் கேட்டார். ஓம் என்றால் வண்டியை நம்பாமல் சாமியை நம்புகிறவன். இல்லை என்றால் விசரன், பைத்தியக்காரன். நான் போனைப் பார்த்து, "ஐயா, நீங்கள் வையுங்கோ, நானே கதைக்கிறன்" என்றேன்.

எனக்குத் தெரிந்த நொர்ஸ்கில் கதைத்தேன். பரீட்சையில் இரண்டு முறை விழுந்த நொர்ஸ்க். தேசிக்காயை வைத்தது நான். அது பிழை. இனி வைக்க மாட்டேன். ஆனால் வண்டி குளிர்ந்திருந்தது. நேரம் பச்சைக்கு வரவில்லை. உங்களுடைய மானி வாஃபிள் சுடுகிற சுவரில் இருக்கிறது. பள்ளத்தில் மைனஸ் பன்னிரண்டு. நான் அதைச் சொன்னேன். அதற்குப் பிறகும் திறக்கச் சொன்னார்கள்.

"ஆர் சொன்னது?" என்று ஸ்தைனார் மிகவும் மென்மையாகக் கேட்டார்.

நான் பெயர் சொல்லவில்லை. பொறுப்பாளர் என்றேன். மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் ஆரணியைப் பார்த்தார்கள். அவள் தலையை நிமிர்த்தி, "நான்தான். எனக்குப் போன் வந்தது" என்றாள்.

ஸ்தைனார் தலையாட்டினார். போன் எடுத்தது உண்மைதானாம். ஆனால் திறக்கச் சொல்லவில்லையாம். வரிசை நீளமாக இருக்கிறதே, கொஞ்ச நேரத்தில் திறப்பதைப் பற்றி யோசிக்கலாமா என்றுதான் கேட்டாராம். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் கேட்டிருப்பார். இந்த நாட்டில் மேலதிகாரி உத்தரவு போட மாட்டார். கேள்விதான் கேட்பார். யோசிக்கலாமா, ஏலுமா, எப்படி நினைக்கிறாய். கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்ல உனக்கு முழு உரிமையும் இருக்கிறது. ஆனால் எங்களுக்கு அது வராது. பெரியவர் கேட்டால் எங்கள் காதில் உத்தரவாகத்தான் விழும். நான் வளர்த்த பிள்ளை அவள். அவருடைய கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து, "ஸ்தைனார் திறக்கச் சொல்லுறார்" என்றாள். இங்கே பிறந்தும் அவளுடைய காதை நாங்கள் அப்படித்தான் செய்துவைத்திருக்கிறோம். ஏதாவது நடந்தால் கேள்வி கேட்டவர் வீட்டுக்குப் போவார், பதில் சொன்னவர் மாட்டுவார்.

என் வான் முதலாளி வாயைத் திறந்து "ஏத்தடா ஏத்து" என்று கத்துவார். குறைந்தது அது அவருடைய வாய் என்று ஊருக்கே தெரிந்தது.

6

முடிவு இப்படி வந்தது. எனக்கு ஒரு எழுத்து எச்சரிக்கை, தேசிக்காய்க்காக. ஆரணிக்கும் ஒன்று, நேரம் பச்சைக்கு வர முதல் திறந்ததற்காக. ஸ்தைனாருக்கு ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து வந்த பரிசோதகர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, குளிராலும் நின்றிருக்கலாம், தேசிக்காயும் உதவியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. நான் சொன்னது சரி என்று ஒரு மனிதரும் சொல்லவில்லை. ஆனால் வாஃபிள் கடைச் சுவரில் இருந்த மானியைக் கழற்றி, மலைரயிலின் பள்ளத்தில் பூட்டினார்கள். மைனஸ் பத்துக்குக் கீழே திறப்பதா இல்லையா என்பதை அன்றைய பொறுப்பாளரே முடிவு செய்ய வேண்டும், வேறு ஒருவரும் இல்லை என்று ஒரு விதியும் வந்தது. அதாவது, இனிமேலும் மாட்டுவது பொறுப்பாளர்கள்தான்.

வீட்டில் நடந்ததுதான் பெரிது. என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், அதிகம் கதைக்காதவள். ஆரணி தன் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று தெரிந்த அன்று, கறியைக் கிண்டிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பெத்த பிள்ளையைக் காட்டிக்குடுத்திட்டு வந்திருக்கிறியள். இனி எண்டாலும் நிம்மதியாப் படுங்கோ."

காட்டிக்கொடுத்தல். போர் நடந்த எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பாரம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் அவள் சொன்னாள். பதில் சொல்வதென்றால் பள்ளத்தில் இருந்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவள் அந்தப் பிள்ளைகளைத் தூக்கவில்லை.

தமிழ்ப் பாடசாலை மண்டபத்துக்குப் போனால் அங்கே வேறு விதம். மாரெக் எடுத்த படம் எப்படியோ அவர்களிடமும் வந்துவிட்டது. "தேசிக்காய் அண்ணை வாறார், சில்லைக் கவனியுங்கோ" என்றான் ஒருவன், என்னோடு ஒரே அகதி முகாமில் இருந்தவன். அவன் கார் வாங்கிய அன்று சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தவன்தான். எல்லோரும் வைக்கிறவர்கள்தான். பிடிபட்டவன் நான்.

ஆரணி ஒரு கிழமையில் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஆனால் காரில் ஏறவில்லை. விடிய எழும்பி, இருட்டுக்குள் பஸ் எடுத்து, மாறி, வேலைக்கு வந்தாள். நான் அதே ரோட்டில் காலியாகக் காரை ஓட்டிக்கொண்டு போவேன். பஸ் தரிப்பில் அவள் நிற்பதைக் கண்டால் மெதுவாக்குவேன். அவள் போனைப் பார்ப்பாள். எனக்கு இரக்கம் வரவில்லை, பொய் சொல்லமாட்டேன். கோபம்தான் வந்தது. நான் வீட்டிலும் சொன்னேன், மேடையிலும் சொன்னேன், காரிலும் சொன்னேன். நாலாவது இடம் அந்தக் கூட்டம். வேறு எங்கே போய்ச் சொல்ல?

7

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பள்ளத்தில் பூட்டிய மானி மைனஸ் பதினாலு. நான் மூட்டைகளைக் கட்டவே இல்லை. மேடையில் பனியைக் கொத்திக்கொண்டு, பொறுப்பாளர் என்ன சொல்லுவார் என்று காத்திருந்தேன். பொறுப்பாளர் ஆரணி.

வாசலில் கட்டிய சங்கிலிக்கு வெளியே வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு தமிழர், தமிழ்நாட்டுப் பக்கம், கம்ப்யூட்டர் வேலையாக இருக்க வேண்டும். தோளில் மகன். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணா, நீங்க தமிழா? நாங்க துரொண்ட்ஹெய்ம்ல இருந்து இவ்ளோ தூரம் வர்றோம். பையன் இந்த ட்ரெயினுக்காகவே நேத்துல இருந்து தூங்கல. எப்பத் திறப்பீங்க?"

இன்னும் தெரியாது என்றேன். அவர் சங்கிலிக்கு மேலால் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "ஒரே ஒரு ரவுண்டு மட்டும் விட்டுடுங்க. நம்ம ஆளுக்குக் கூடவா பண்ண மாட்டீங்க" என்றார். என்னிடம் இதைக் கேட்காத தமிழர் இந்தப் பூங்காவுக்கு வந்தது கிடையாது. கோடையில் வரிசையைத் தாண்டிவிடச் சொல்லுவார்கள். அப்போதும் எனக்கு எரிச்சல்தான்.

ஆரணி வந்தாள். காதில் போன். மறுபக்கம் ஸ்தைனார் என்று அவளுடைய முதுகு நேராக இருந்த விதத்திலேயே தெரிந்தது. என் முன்னால் வந்து நின்று, போனை விலக்காமல், தமிழில் கேட்டாள்.

"பள்ளத்தில எவ்வளவு?"

"பதினாலு."

அவள் என்னைத் தாண்டிப் பள்ளத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். போனுக்குள் ஸ்தைனாரின் குரல் சின்னதாகக் கேட்டது. சொற்கள் விளங்கவில்லை, ஆனால் கடைசியில் மேலே எழும்புகிற ராகம் விளங்கியது. கேள்விதான் கேட்கிறார். யோசிக்கலாமா.

"நெய்" என்றாள் ஆரணி நொர்ஸ்கில். இல்லை. அதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் சேர்க்கவில்லை. மன்னிப்பும் இல்லை, காரணமும் இல்லை. அவள் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

"இண்டைக்குப் பூட்டு. பலகையைத் தூக்குங்கோ" என்றாள். இரண்டடி போய்விட்டுத் திரும்பினாள். "உங்களோட இன்னும் கோவம்தான். மாறிட்டுது எண்டு நினைச்சிடாதேங்கோ."

"எனக்கும்தான்" என்றேன்.

அவள் பனியில் கைகளை விரித்துக்கொண்டு வாஃபிள் கடைப் பக்கம் போனாள். நான் பூட்டு என்ற பலகையைத் தூக்கிச் சங்கிலியில் கொழுவினேன். வரிசையிலிருந்து முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பிள்ளை அழத் தொடங்க மற்றதுகளும் சேர்ந்துகொண்டன. ஆரோ பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். துரொண்ட்ஹெய்ம்காரர் மட்டும் போகவில்லை. ஆரணி போன திசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவங்க உங்க பொண்ணா அண்ணா?"

"ஓம்."

"அப்புறம் என்ன, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அப்பா சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"சொல்லிப்போட்டன் தம்பி" என்றேன். "கேட்டும்போட்டாள்."